அண்ணனின் வரிக்காக முன்னால் வந்த கல்யாணம்

என் கல்யாணத்தை அக்டோபர் கடைசியில் வைத்துக்கொள்வதாகத்தான் இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். நான் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தசரா விடுமுறையையும் கல்யாண லீவையும் சேர்த்து எடுத்தால் நாலு நாள் எங்காவது போய்வரலாம் என்று நானும் அவரும் ஆசையாகத் திட்டம் போட்டிருந்தோம். அவர் கோலார் தங்கவயல் குடும்பம். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்குக் காருக்குள் இருக்கிற கணினியைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஆனால் அவனை எங்கள் கோயில் பங்கில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது பாட்டால்தான். ஞாயிறு காலைப் பூசையில் அவன் குரல் எழும்பினால், வாசலில் வண்டி நிறுத்திக்கொண்டிருப்பவர்கள்கூட அவசரமாக உள்ளே வருவார்கள். எனக்கு நிச்சயமான மறுநாளே, கல்யாணப் பூசையில் என்னென்ன பாட்டு, எதை யார் பாடுவது என்று ஒத்திகையை ஆரம்பித்துவிட்டான்.

ஜூலையில் அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. வீடே கொண்டாடியது. செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. "உன் கல்யாணத்த முடிச்சிட்டு நவம்பர்ல போறேன்" என்றான். அதில் யாருக்கும் எந்தச் சிக்கலும் தெரியவில்லை, மாமா வரும்வரை.

மாமா அம்மாவின் தம்பி. துபாயில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராகப் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து நீலசந்திராவில் வீடு கட்டிக்கொண்டவர். வெளிநாடு என்று யார் வாயைத் திறந்தாலும் முடிவான வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரியாணி பொட்டலத்தோடு வந்தவர், நவம்பர் என்று கேட்டதும் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழேகூட வைக்கவில்லை.

"இன்னாடா சொல்ற? நவம்பரா? புத்தி கித்தி இருக்குதா?"

"ஏன் மாமா?"

"செப்டம்பர் முடியறதுக்குள்ள கெளம்பிடணும்டா. பாதி வருசத்துக்கு மேல இங்க இருந்துட்டா நீ இந்த ஊர் ஆளுதான். அங்க சம்பாரிக்கறதுக்கும் இங்க வரி கேப்பான். மொத வருசம் நான் நவம்பர்ல போய்ட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். துபாய்ல ஒரு பைசா வரி கெடையாது. அந்தச் சம்பளத்துக்கு இங்க வந்து கட்டினேன். வயிறு எரிஞ்சிட்டே கட்டினேன்!"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஏப்ரலிலிருந்து மார்ச் வரை ஒரு வரி வருடம். அதில் பாதிக்கு மேல் இங்கே தங்கிவிட்டால் வெளிநாட்டில் வாங்கும் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். வேலைக்காகப் போகிறவர் அதற்குள் கிளம்பிவிட்டால் வராது. அண்ணன் போனில் தேடிப் பார்த்தான். மாமா சொன்னது அப்படியே இருந்தது. அவன் முகம் சுருங்கியது.

"அப்ப அவன் செப்டம்பர்ல போய்ட்டு கல்யாணத்துக்குத் திரும்பி வரட்டும்" என்றார் அப்பா.

"புதுசா சேந்தவனுக்கு எவன் லீவு குடுப்பான்?" என்றார் மாமா.

அண்ணன் போனைப் பைக்குள் போட்டான். "விடுங்க. வரிதானே, கட்டிட்டுப் போறேன். தங்கச்சி கல்யாணத்துல நான் பாடணும்."

மாமா பிரியாணியை மேசைமேல் வைத்தார். "எதுக்குடா கட்டணும்? கல்யாணத்த முன்னாடி தள்ளு!"

அம்மா அவரை முறைத்தாள். "இன்கம் டாக்ஸுக்காக எவனாவது கல்யாணத் தேதிய மாத்துவானாடா?"

"ஏன் மாத்தக் கூடாது? ஆடி, மார்கழின்னு நாள் பாத்து ஊரே மாத்துது. நாம மார்ச், செப்டம்பர்னு பாத்து மாத்துவோம். இன்னா தப்பு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

மாடிப் படியில் நின்று அவரைப் போனில் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க அண்ணனுக்கு வரி மிச்சமாவறதுக்கு நான் ஒரு மாசம் முன்னாடியே மாட்டிக்கணுமா?" என்றார்.

"ஆமா."

"சரி. எனக்கென்ன, லாபம்தான். எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் இந்த மனிதரோடு வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதுவரை அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தேதி மாற்றக் கோயிலுக்கு அப்பாவோடு நானும் போனேன். எங்கள் பங்குச் சாமியார் டைரியைப் புரட்டினார். செப்டம்பரில் மாதா திருவிழா முடிந்த அடுத்த வாரம் புதன்கிழமை காலைதான் காலியாக இருந்தது. மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவும் நாள் இருந்தது. எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, "எதுக்கு இவ்ளோ அவசரம்?" என்று கேட்டார்.

அவசரக் கல்யாணம் என்றால் சாமியார்களுக்கு என்ன நினைப்பு ஓடும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் காது சிவந்துவிட்டது. "அய்யய்யோ, அதெல்லாம் இல்ல சாமி. இன்கம் டாக்ஸ்."

"என்னது?"

"இன்கம் டாக்ஸ், சாமி. பையன் ஜெர்மனி போறான்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தேதியை எழுதினார்.

ஆகஸ்டில் பத்திரிகை அடித்து வந்தது. மாமா பாதியைத் தானே வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினார். எல்லா வீட்டிலும் வரி விவரத்தையும் சேர்த்தே சொன்னார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணன் ஆடிட்டரைப் பார்க்கப் போனான். அது எங்கள் வீட்டு வழக்கம், முதலில் செய்வது, பிறகு கேட்பது. பாங்க் கணக்கை என்ன செய்வது, கடன் வாங்கி வாங்கிய ஃபிளாட்டை என்ன செய்வது என்று அவனுக்குச் சில சந்தேகங்கள். பத்திரிகை கொடுக்கும் சாக்கில் நானும் கூடப் போனேன். ஆடிட்டர் கன்னடக்காரப் பெண். அல்சூரில் ஏரிக்குப் பின்னால் ஒரு தெருவில் ஆபீஸ். எங்களைப் போன்றவர்களோடே பழகிப் பழகித் தமிழைக் கன்னடத்தோடு கலந்து வேகமாகப் பேசுவார்.

முதலில் பாங்க் கணக்கு. இங்கேயே இருப்பவர் வைத்துக்கொள்ளும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்றார். "எல்லாரும் இதைத்தான் மறப்பாங்க. ஏர்போர்ட்ல அழறதுக்கு ஞாபகம் இருக்கும், பாங்குக்குப் போக இருக்காது."

பிறகு நான் பத்திரிகையை நீட்டினேன். பார்த்துவிட்டு, "நிச்சயம் ஆனப்ப அக்டோபர்னு சொன்னீங்களே?" என்றார். அண்ணன் பெருமையோடு விளக்கினான். செப்டம்பர், துபாய், மாமா, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார். "அய்யோ தேவ்ரே! துபாய்க்கு அது நூத்துக்கு நூறு சரி. அங்க வரியே இல்ல, அதனால இங்க முழுசாக் கட்டணும். நீங்க போறது ஜெர்மனி! அங்க இங்கவிட ஜாஸ்தி புடிப்பாங்க. அங்க புடிச்சதை இங்க கழிச்சுக்கலாம், ஒரே சம்பளத்துக்கு ரெண்டு வாட்டி கட்ட வேண்டியதில்ல. நவம்பர்ல போயிருந்தாலும் உங்களுக்குக் கைய விட்டுப் போறது பெருசா ஒண்ணும் இருந்திருக்காது. நாலு பேப்பர் ஜாஸ்தி போட்டிருக்கணும், ஆய்த்து, அவ்ளோதான்."

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சாமியார் டைரி, மாற்றிப் பிடித்த கல்யாண மண்டபம், தங்கவயலிலிருந்து இதற்காகவே ரயில் ஏறி வந்து பேசிவிட்டுப் போன என் மாமனார், எல்லாம் எனக்குக் கண்முன் வந்தது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது, அப்புறம் எனக்கு. உள்ளே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பெண் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான்: "டீச்சரம்மா, இத மட்டும் மாமாகிட்ட சொல்லிடாத. மனுசன் தாங்க மாட்டாரு."

"சொல்ல மாட்டேன். ஆனா உன்னால என் நாலு நாள் லீவுத் திட்டம் போச்சு. நீ ஒரு ஐஸ்க்ரீம் வாங்கித் தரணும்."

வாங்கித் தந்தான். ஏரிக்கரையில் நடந்துகொண்டே சாப்பிட்டோம்.

புதன்கிழமை கல்யாணம் என்றால் யார் வருவார்கள் என்று அம்மா கவலைப்பட்டாள். வேலைநாள்தான். பூசை ஆரம்பிக்கும்போது கோயிலில் பாதி பெஞ்சு காலி. நான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் என் ஏழாம் வகுப்பு, யூனிஃபார்மோடு, இரண்டு இரண்டு பேராக வரிசையில். முன்னால் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர். "இந்தப் பீரியட் இவங்களுக்கு உங்க கணக்கு கிளாஸ்தானே. டீச்சர் இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று என் காதில் சொன்னார். காலிப் பெஞ்சுகள் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக நிரம்பிவிட்டன.

அண்ணன் பாடினான். அவன் எத்தனையோ கல்யாணத்துக்குப் பாடிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நற்கருணைப் பாட்டின் நடுவில் அவன் குரல் ஒரு இடத்தில் தழுதழுத்து நின்றுவிட்டது. ஆர்மோனியம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாட்டை என் பிள்ளைகளுக்குப் பள்ளி அசெம்பிளியில் பாடிப் பழக்கம். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அறுபது எழுபது சின்னக் குரல்கள், சுருதியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், கூரை அதிர. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியில் சேர்ந்துகொண்டான். அக்டோபரில் தசரா விடுமுறை நேரத்தில் வைத்திருந்தால் அவர்கள் ஒருத்தியும் வந்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் பந்திக்கு ஆடிட்டரும் வந்திருந்தார். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாமா நேராகப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனைப் பார்த்தேன். அவனும் பார்த்துவிட்டான். ஓடிப் போய் ரசத்தை நீட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்திலேயே நின்றான்.

பிறகு அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். மாமா, "மேடம், ஆடிட்டராமே. நான்தான் செப்டம்பர் ஐடியா குடுத்தது. கரெக்ட்தானே?" என்று கேட்டிருக்கிறார். ஆடிட்டர் அண்ணனை ஒரு தடவை பார்த்தாராம். அப்புறம், "ரொம்ப ஒள்ளேது ஆச்சு, நல்லதாப் போச்சு சார். நவம்பர்ல போயிருந்தா அந்தப் பேப்பரெல்லாம் நான்தான் உக்காந்து பண்ணணும். எனக்கு அந்த வேலை கெலசமெல்லாம் கம்மி பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டுக்கொண்டாராம். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மாமா அன்று மாலைவரை மண்டபத்தில் யாரைப் பார்த்தாலும், "ஆடிட்டரே சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கிளம்ப ஒரு வாரம் இருந்தது. கே.ஆர்.புரம் பக்கம் இருந்த அவன் ஃபிளாட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்திருந்தார்கள். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சாவியை என் கணவர் கையில் வைத்தான்.

"மாப்ள, நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருங்க."

"வாடகை எவ்ளோ மச்சான்?"

"வாடகையா? உதைப்பேன்."

"அப்ப நாங்க வேற வீடு பாத்துக்கறோம்" என்றார் அவர், சிரித்த முகத்தோடுதான். ஆனால் சாவியைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். சுரங்கம் மூடி எல்லாம் போன பிறகும் யார் வீட்டிலும் சும்மா ஒரு வேளை சாப்பிடாமல் பிள்ளைகளை வளர்த்த குடும்பம் அது. அவரை அதற்காகவும்தான் எனக்குப் பிடித்தது.

அண்ணன் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "சரி, வாடகை குடுங்க. ஆனா ஒரு சங்கதி இருக்கு. ஆடிட்டர் சொன்னாங்க. வெளிநாட்ல இருக்கறவனுக்கு வாடகை குடுத்தா, குடியிருக்கறவர்தான் அதுல வரியப் புடிச்சு சர்க்காருக்குக் கட்டணும். கொஞ்சநஞ்சம் இல்ல, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அதுக்குத் தனியா ஒரு நம்பர் வாங்கணும். பாதிப் பேருக்கு இது தெரியாது, அப்புறம் நோட்டீஸ் வரும்" என்றான்.

என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அதாவது, நான் உங்ககிட்ட வரி புடிக்கணுமா?"

"ஆமா."

"என் மச்சான்கிட்ட நான் வரி வசூல் பண்ணணும்னு சர்க்காரே சொல்லுதா?" சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இதுக்காகவே அங்க குடியிருக்கலாம்."

அப்படிப் பிடித்த வரி அண்ணனுக்குப் போய்ச் சேராத பணமும் இல்லை. வாடகையில் ஒரு பங்கை வீட்டுப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடும். வீட்டுக் கடன் வட்டியையும் கழிக்கலாம். கழித்துப் பார்த்தால் அவனுக்கு இங்கே வரி கட்ட மிச்சம் அநேகமாக ஒன்றுமிருக்காது. வருடம் முடிந்து கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்ப வரும். தாக்கல் செய்ய மறந்தால்தான் போச்சு.

முதல் மாதம் வாடகை அனுப்பிவிட்டு என் கணவர் அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: 'வரி போக மீதி அனுப்பப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். இப்படிக்கு, சர்க்கார்.' அண்ணன் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டான். அதுவரை ஒருவரோடு ஒருவர் மரியாதையாக மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பேச ஆரம்பித்தார்கள். என்னிடம் போன் வருவதற்குள் இங்கே எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஜெர்மனியில் அவனுக்கு ஒரு பள்ளம் காத்திருந்தது. அதை எங்கள் யாருக்கும் எச்சரிக்கத் தெரியவில்லை. போனதும் நகராட்சி ஆபீசில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே மதம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவன் சந்தோஷமாகக் கத்தோலிக்கன் என்று எழுதிவிட்டான். முதல் சம்பளச் சீட்டில் மற்றப் பிடித்தங்களோடு கோயிலுக்கென்று தனியாக ஒரு வரி.

வீடியோவில் அதைக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் ஆஸ்டின் டவுன் வீட்டில் இருந்தோம். அம்மாதான் முதலில் சிரித்தாள். "இங்க காணிக்கைத் தட்டு வந்தா என்கிட்ட சில்லறை கேப்பான்! மாதா சரியான எடத்துல புடிச்சிருக்கா."

"துபாய்ல இதெல்லாம் கெடையாது" என்றார் மாமா.

"இதுலேர்ந்து வெளிய வர வழி இருக்குதாடா?" என்று அப்பா கேட்டார்.

"இருக்குப்பா. சர்க்கார் ஆபீஸ்ல போய் நான் இனிமே கத்தோலிக்கன் இல்லன்னு எழுதிக் குடுக்கணும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அண்ணன் அவசரமாகச் சொன்னான்: "குடுக்க மாட்டேன்மா, பயப்படாத. குடுக்கற காசுக்குப் பாடியாவது தீத்துக்கறேன்னு அவங்க பாட்டுக் குழுவுல சேந்துட்டேன். என்னைத் தவிர எல்லாருக்கும் அறுபது வயசுக்கு மேல. பாடி முடிச்சதும் கேக் குடுக்கறாங்க."

வேலைக்காக ஊர் மாறிய செலவை அந்த ஊர் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் அந்தப் பாட்டுக் குழுவில் ஒரு பெரியம்மாதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். டிக்கெட்டைக் கம்பெனி கொடுத்துவிட்டதால் அதைக் கழிக்க முடியவில்லை. ஆனால் அம்மா வலுக்கட்டாயமாகக் கட்டிக் கொடுத்த இரும்புத் தோசைக்கல்லாலும் இட்லிப் பானையாலும் ஏர்போர்ட்டில் கூடுதல் எடைக்கு இவன் கைக்காசு கட்டியிருந்தான். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தான். அதை அந்த ஊர் வரியில் கழித்துக்கொண்டான். இந்தச் செய்தி வந்த அன்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த ஜூனில் லீவில் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கணக்குத் தாக்கலுக்காக மூன்று பேரும் அல்சூருக்குப் போனோம். ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் கணவரிடம், "ஒரு மாசம்கூடத் தவறாம வரி புடிச்சிருக்கீங்க. எங்க ஆபீசுக்கு வந்துடறீங்களா?" என்று கேட்டார். அவர் கூச்சத்தில் நெளிந்தார்.

வெளியே வந்து ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். அண்ணன் அந்த ஊர்க் குழுவில் கற்றுக்கொண்ட ஒரு பாட்டை மெதுவாகப் பாடிக் காட்டினான். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, மெட்டு நன்றாக இருந்தது. பாடவே வராத என் கணவர், பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சுருதியில் கூடவே முனகினார். இரண்டு பேரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. பஜ்ஜிப் பொட்டலம் நனையாமல் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, நான் அவர்கள் பின்னால் ஓடினேன்.